டோர்ட்முண்டில் படிக்கிறேன், சனி ஞாயிறு என்ன செய்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வொரு அக்டோபரிலும் ஜெர்மனியில் டோர்ட்முண்ட், போஹும், எஸ்ஸன், டியூஸ்புர்க் பக்கம் முதுகலை படிக்க நம் பிள்ளைகள் வந்து இறங்குகிறார்கள். முதல் மாதம் அறை, வங்கிக் கணக்கு, முகவரிப் பதிவு என்று ஓட்டத்திலேயே போய்விடும். இரண்டாம் மாதம் ஏதோ ஒரு ஞாயிறு மதியம் அறையில் தனியாக உட்கார்ந்திருக்கும்போதுதான் எனக்கு போன் வரும். இரண்டு வருடமாக ஒரே கேள்விகள். பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

அக்கா, படிக்க வந்த இடத்துல ஊர் சுத்துறது தேவையா? அப்பா கடன் வாங்கி அனுப்பியிருக்காரு, மனசு கேக்கல.

இந்தக் கேள்வி வராத வருடமே இல்லை. முடக்கக் கணக்கில், அதாவது மாதாமாதம் மட்டுமே பணம் எடுக்க முடிகிற வங்கிக் கணக்கில், வருடத்துக்கு 11,904 யூரோ போட்டு வந்திருக்கிறீர்கள், மாதம் 992 யூரோ கைக்கு வருகிறது. அதில் வாடகையும் காப்பீடும் போக மிஞ்சுவது கொஞ்சம்தான், எனக்கும் தெரியும். ஆனால் நான் சொல்லும் ஊர் சுற்றலுக்குப் பயணச் செலவு கிடையாது. செமஸ்டர் கட்டணத்திலேயே டிக்கெட்டுக்கும் சேர்த்துக் கட்டிவிட்டீர்கள். வீட்டில் உட்கார்ந்திருந்தால்தான் அந்தக் காசு வீண்.

என் முதல் செமஸ்டரில் வெள்ளிக்கிழமை மாலை வகுப்பு முடிந்தால் திங்கள் காலை வரை யாரிடமும் வாய்திறந்து பேசாத வாரங்கள் உண்டு. ஒரு திங்கட்கிழமை பேக்கரியில் ரொட்டி கேட்க வாயைத் திறந்தேன், தொண்டை கட்டிக் குரலே வரவில்லை. பின்னால் நின்ற பாட்டி உடம்பு சரியில்லையா என்று கேட்டார். அன்றைக்கு முடிவு செய்தேன், வாரத்தில் ஒரு நாளாவது வெளியே போய்விட வேண்டும் என்று. அதன் பிறகு படிப்பு கெடவில்லை. திங்கட்கிழமைகள்தான் லேசாயின.

செமஸ்டர் டிக்கெட்ட வெச்சு எது வரைக்கும் போலாம்?

2024 கோடை செமஸ்டரிலிருந்து இந்தப் பக்கத்துப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் செமஸ்டர் டிக்கெட் ஜெர்மனி முழுக்கச் செல்லும் டிக்கெட்டாக மாறிவிட்டது. வெளியே மற்றவர்கள் வாங்கும் டாய்ச்லாண்ட் டிக்கெட்டின் விலையில் 60 சதவீதம்தான் மாணவருக்கு. ட்ராம், பேருந்து, யு-பான் என்னும் சுரங்க ரயில், எஸ்-பான் என்னும் நகர ரயில், ஆர்பி, ஆர்இ என்னும் வட்டார ரயில்கள் எல்லாவற்றிலும் ஏறலாம். ஐசிஇ, ஐசி என்று எழுதியிருக்கும் வேக ரயில்களில் ஏறக் கூடாது. ஏறிவிட்டு 'தெரியாது' என்றால் எடுபடாது. டிக்கெட் இல்லாமல் பிடிபட்டால் குறைந்தது 60 யூரோ.

ஒரே ஒரு ரயிலின் பெயரை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: ஆர்இ1. ஹாமில் தொடங்கி டோர்ட்முண்ட், போஹும், எஸ்ஸன், டியூஸ்புர்க், டுஸ்ஸல்டார்ஃப், கொலோன் வழியாக ஆஹன் வரை போகிறது. கீழே நான் சொல்லும் இடங்களில் பாதிக்குமேல் இந்த ஒரே கோட்டில் பூச்சரம் போல வரிசையாக இருக்கின்றன.

டிக்கெட் பெயர் போட்ட டிக்கெட். பாஸ்போர்ட்டோ குடியிருப்பு அட்டையோ கூட இருக்க வேண்டும்.

ஞாயித்துக்கிழமை ஊரே பூட்டிக் கெடக்கு. சாப்பாட்டுக்கு என்ன பண்றது?

இது பழக்கம் மட்டுமல்ல, சட்டம். ஞாயிறும் அரசு விடுமுறை நாட்களும் ஓய்வு நாட்கள் என்று 1919ஆம் ஆண்டு வைமார் அரசியலமைப்பில் எழுதினார்கள். அந்த வரியை அப்படியே இன்றைய அரசியலமைப்பிலும் வைத்திருக்கிறார்கள். அதனால் சூப்பர் மார்க்கெட் எல்லாம் மூடியிருக்கும், மென்சா என்னும் பல்கலைக்கழக உணவகமும் இருக்காது. பால், தயிர், காய் எல்லாம் சனிக்கிழமை மாலைக்குள் வாங்கிவிடுங்கள். மறந்துவிட்டால் பெரிய ரயில் நிலையத்துக்குள் இருக்கும் கடைகள் திறந்திருக்கும், விலை கொஞ்சம் கூட. பேக்கரிகள் காலையில் சில மணி நேரம் திறக்கும். ரொட்டிக்குள் இறைச்சி வைத்துத் தரும் டோனர் கடையும் உணவகங்களும் எப்போதும்போல.

இன்னொன்று: ஞாயிறு சத்தம் போடக் கூடாத நாள். இட்லி மாவு அரைப்பதைச் சனிக்கிழமையே முடித்துவிடுங்கள். மிக்ஸி சத்தத்துக்குக் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து கதவைத் தட்டியது என் அறைத்தோழிக்கு நடந்தது. கண்ணாடி பாட்டில்களைத் தெருமுனைத் தொட்டியில் போடுவதும் அன்றைக்கு ஆகாது.

சரி, முதல் சனிக்கிழமை எங்க போறது?

எஸ்ஸனில் ட்ஸோல்ஃபெரைன். வேறு யோசனையே வேண்டாம். எஸ்ஸன் ரயில் நிலையத்தில் இறங்கி 107ஆம் எண் ட்ராமில் ஏறினால் வாசலில் கொண்டுபோய் இறக்கிவிடும். 1932இல் திறந்த நிலக்கரிச் சுரங்கக் கூடம் அது. 1986 டிசம்பரில் மூடினார்கள், 2001இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. சிவப்புச் செங்கல், இரும்புச் சட்டம், நடுவில் 55 மீட்டர் உயரத்துக்கு இரண்டு கால்களையும் அகட்டி நிற்கும் சுரங்கத் தூக்குக் கோபுரம். வளாகத்துக்குள் நடக்கக் காசு இல்லை. நிலக்கரி கழுவிய கட்டடத்துக்குள் இருக்கும் ரூர் அருங்காட்சியகத்துக்கு மட்டும் டிக்கெட் வாங்க வேண்டும். அதற்குப் போகும் நீளமான நகரும் படிக்கட்டு ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும். உருகிய இரும்பு வழிவது போலத் தெரிவதற்காகவே அந்த நிறம்.

நெய்வேலியிலிருந்து வந்த ஜூனியர் ஒருவனைக் கூட்டிப்போனேன். அவன் அப்பா சுரங்கத்தில் வேலை பார்ப்பவர். நெய்வேலியில் இருப்பது திறந்தவெளிச் சுரங்கம், பழுப்பு நிலக்கரி. இங்கே பூமிக்குள் நூற்றுக்கணக்கான மீட்டர் இறங்கி எடுத்த கருப்பு நிலக்கரி. அருங்காட்சியகத்தில் வைத்திருந்த தொழிலாளியின் பூட்ஸைப் பார்த்துவிட்டு, "எங்கப்பா பூட்ஸும் இப்படித்தான் முன்பக்கம் தேயும்" என்றான். அங்கேயே நின்று வீட்டுக்கு வீடியோ கால் போட்டான். நான் கொஞ்சம் தள்ளிப்போய் நின்றுகொண்டேன்.

பழைய ஃபேக்டரிய பாக்குறதுக்கா ஜெர்மனி வந்தோம்? கோட்டை, அரண்மனை ஒண்ணும் இல்லையா?

இருக்கிறது, பேருந்து பிடித்தால் கோட்டைகளும் வரும். ஆனால் நீங்கள் வந்திருப்பது ரூர் வட்டாரத்துக்கு. இந்த மண் நிலக்கரியிலும் எஃகிலும் எழுந்தது. ஜெர்மனியின் கடைசிக் கருப்பு நிலக்கரிச் சுரங்கத்தை இங்கே போட்ரோப்பில் மூடியது 2018 டிசம்பரில்தான். உங்கள் வீட்டுக்கார அம்மாவின் அப்பாவோ, கடைசி பெஞ்சில் உட்காரும் ஜெர்மன் மாணவனின் தாத்தாவோ சுரங்கத்தில் இறங்கியவராக இருப்பார். 'க்ளுக் ஆஃப்' என்று இன்னும் சில பெரியவர்கள் வணக்கம் சொல்வதைக் கேட்பீர்கள். அது சுரங்கத்தொழிலாளர் வணக்கம். இதைத் தெரிந்துகொள்ளாமல் இரண்டு வருடம் இங்கே இருந்துவிட்டுப் போனால் வருத்தம்தான்.

நம்பிக்கை வரவில்லையென்றால் டியூஸ்புர்க்கில் 903ஆம் ட்ராமில் லாண்ட்ஷாஃப்ட்ஸ்பார்க் போங்கள், மாலையில் போங்கள். 1985இல் நின்றுபோன இரும்பாலை. இடிக்காமல் பூங்காவாக்கிவிட்டார்கள். நுழைவுக் கட்டணம் இல்லை. பழைய ஊதுலை மேல் இரும்புப் படிகளில் ஏறலாம். வெள்ளி, சனி, ஞாயிறு இரவுகளில் பச்சை, நீலம், சிவப்பு விளக்குகள் எரியும். எரிவாயு நிரப்பிய பெரிய தொட்டியில் இப்போது தண்ணீர் நிரப்பி உள்ளே முக்குளிக்கிறார்கள். வெள்ளிக்கிழமை சோர்ந்துபோய் வரும் யாரையும் நான் முதலில் கூட்டிப்போவது இங்கேதான். மேலே காற்று பலமாக அடிக்கும், குல்லாய் எடுத்துக்கொள்ளுங்கள்.

கொலோன் கதீட்ரல் ஒரு நாள்ல முடியுமா?

தாராளமாக. ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததுமே முகத்துக்கு நேராக 157 மீட்டருக்கு நிற்கும், தேடவே வேண்டாம். 1248இல் தொடங்கி 1880இல் முடித்தார்கள், நடுவில் சில நூற்றாண்டுகள் வேலை நின்றே போனது. தெற்குக் கோபுரத்தில் 533 படிகள். லிஃப்ட் கிடையாது, வளைந்து வளைந்து ஏறும் குறுகலான படி, எதிரே இறங்குகிறவர்களுக்கும் அதே வழி. முழங்கால் வலி உள்ள பெற்றோர் வந்தால் கீழேயே நிறுத்திவிடுங்கள்.

தொங்குற ரயில் ஒண்ணு இருக்காமே?

வுப்பர்டாலில் இருக்கிறது. டோர்ட்முண்டிலிருந்து ஆர்இ4. 1901இலிருந்து ஓடுகிறது, 13.3 கிலோமீட்டர், 20 நிறுத்தங்கள், பெரும்பாலும் வுப்பர் ஆற்றின் மேலேயே. உங்கள் டிக்கெட் செல்லும். 1950இல் சர்க்கஸ் விளம்பரத்துக்காக டுஃபி என்ற குட்டி யானையை இதில் ஏற்றினார்கள். அது மிரண்டு பெட்டியை உடைத்துக்கொண்டு ஆற்றில் குதித்தது, சிறு காயத்தோடு பிழைத்தும்கொண்டது. கடைசிப் பெட்டியின் பின்கண்ணாடி ஓரம் இடம் பிடியுங்கள். முழு நீளமும் போய்த் திரும்ப ஒன்றேகால் மணி நேரம் வைத்துக்கொள்ளலாம்.

டோர்ட்முண்ட் மேட்ச் பாக்காம ஊருக்குப் போக மாட்டேன். டிக்கெட் எப்படி எடுக்குறது?

81,365 பேர் கொள்ளும் கால்பந்து மைதானம், ஜெர்மனியிலேயே பெரியது. அப்படியும் டிக்கெட் கிடைப்பது கஷ்டம். மஞ்சள் சுவர் என்று பெயர்பெற்ற தெற்குப் பக்கத்தில் மட்டும் சுமார் 25,000 பேர் நின்றுகொண்டே பார்ப்பார்கள். அந்த இடங்களில் பெரும்பகுதி சீசன் டிக்கெட்காரர்களுக்கே போய்விடும். கிளப் உறுப்பினர்களுக்கு முன்விற்பனையில் முதல் வாய்ப்பு. பெரிய அணிகளோடு ஆடும் ஆட்டத்தை விட்டுவிட்டு, குளிர்காலத்தில் சின்ன அணியோடு வரும் ஆட்டத்துக்கு முயற்சி செய்யுங்கள். வர முடியாதவர்கள் திருப்பித் தரும் டிக்கெட்டைக் கிளப்பின் சொந்தத் தளத்திலேயே விற்பார்கள், அதையும் பார்த்துக்கொண்டே இருங்கள். தெரியாத ஆளிடம், தெரியாத தளத்தில் வாங்காதீர்கள். போன வருடம் ஒரு பையன் 140 யூரோ கொடுத்து வாங்கிய டிக்கெட் வாசலில் ஸ்கேன் ஆகவில்லை. ஆட்டம் முழுக்க வெளியே சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு நின்றான்.

கிடைக்கவே இல்லையா? பெரிய மைதானத்துக்கு ஒட்டினாற்போல ரோட்டே எர்டே என்று 1926இல் கட்டிய பழைய மைதானம் இருக்கிறது. கிளப்பின் மகளிர் அணியும் இரண்டாம் அணியும் ஆடும் இடம். விலை குறைவு, ஆட்டக்காரர்கள் பேசிக்கொள்வதுகூடக் காதில் விழும். போஹும், எஸ்ஸன் அணிகளின் ஆட்டங்களும் அப்படித்தான். என் மனதில் அதிகம் நிற்பது போஹும் மைதானம். ஊருக்கு நடுவில், நடந்துபோகிற தூரத்தில், எதிரே வீடுகளின் பால்கனியில் கொடி தொங்கும்.

மேட்ச் 'ஹால்ப் ஃபியர்'னு சொன்னாங்க. நாலரைக்குப் போனா பாதி முடிஞ்சுபோச்சு!

நாம் ஆனபின் அரையைச் சேர்க்கிறோம்: மூன்று ஆகி அரை, மூன்றரை. அவர்கள் வரப்போகும் மணியில் பாதி என்கிறார்கள். ஃபியர் என்றால் நான்கு, ஹால்ப் ஃபியர் என்றால் நான்கை நோக்கிப் பாதி வழி, அதாவது மூன்றரை. சனிக்கிழமை புண்டஸ்லிகா என்னும் ஜெர்மன் கால்பந்து லீக் ஆட்டங்களில் பெரும்பாலானவை தொடங்குவது 15:30க்குத்தான். சந்தேகம் வந்தால் எண்ணாக எழுதிக் காட்டச் சொல்லுங்கள்.

ஸ்டேடியத்துல அவ்ளோ கூட்டம், குடிச்சிருப்பாங்க, நம்ம ஆளுங்க போறது சேஃப்தானா?

நான் பத்துப் பன்னிரண்டு ஆட்டங்களுக்குப் போயிருக்கிறேன், இரண்டு முறை தனியாக. உள்ளே எனக்கு ஒரு கெட்ட அனுபவமும் இல்லை. பக்கத்து இருக்கைத் தாத்தா கோல் விழுந்ததும் என்னைக் கட்டிப்பிடித்துவிட்டு மன்னிப்புக் கேட்டார். ஆட்டம் முடிந்து திரும்பும் ரயிலில் ஒருமுறை குடித்த கும்பல் ஒன்று நிறத்தைச் சொல்லிக் கத்தியதையும் மறைக்க மாட்டேன். எழுந்து அடுத்த பெட்டிக்குப் போனேன், கூடவே ஒரு ஜெர்மன் பெண்ணும் எழுந்து வந்து என்னோடு உட்கார்ந்தாள். ஆட்டம் முடிந்ததும் முதல் ரயிலுக்கு அடித்துப்பிடித்து ஏறாமல் ஒரு மணி நேரம் கழித்துக் கிளம்புங்கள். தொந்தரவு வந்தால் நிலையத்தில் போலீசார் இருப்பார்கள், அவசர எண் 110.

நீல நிறம் போட்டுப் போகாதீர்கள். நீலமும் வெள்ளையும் பக்கத்து ஊர் அணியான ஷால்கவின் நிறம், இரண்டு ஊருக்கும் தலைமுறைப் பகை. இது தெரியாமல் இந்திய கிரிக்கெட் ஜெர்சியில் போன ஒருவனிடம் ட்ராமில் ஆளாளுக்கு வந்து கேட்டார்கள். நல்லவேளை, சிரித்துக்கொண்டே கேட்டார்கள். பை ஏ4 தாள் அளவுக்கு மேல் இருந்தால் உள்ளே விட மாட்டார்கள்.

கோல் விழுந்ததும் அறிவிப்பாளர் ஆட்டக்காரரின் முதற்பெயரை மட்டும் சொல்வார். எண்பதாயிரம் பேரும் குடும்பப் பெயரைச் சொல்லிக் கத்துவார்கள். கடைசியில் அவர் 'டாங்க' என்பார், கூட்டம் 'பிட்ட' என்று பதில் சொல்லும். நன்றி, பரவாயில்லை. திருவிழாவில் பூசாரி ஒரு குரல் கொடுக்க ஊரே மறுகுரல் கொடுக்குமே, அந்தச் சிலிர்ப்புதான்.

எனக்கு பாக்குறதவிட ஆடணும். கிரிக்கெட் கெடைக்குமா?

கிடைக்கும். கோடை முழுக்கச் சனி ஞாயிறுகளில் பூங்காக்களில் ஆப்கானிய, பாகிஸ்தானிய, இந்தியப் பையன்கள் டென்னிஸ் பந்தில் ஆடுவார்கள். போய் ஓரமாக நின்றாலே ஃபீல்டிங்குக்குக் கூப்பிட்டுவிடுவார்கள். முறையான ஆட்டம் பார்க்க வேண்டுமானால் க்ரேஃபெல்டில் ஒரு மைதானம் இருக்கிறது, ஜெர்மனி அணி சர்வதேச இருபது ஓவர் ஆட்டங்களை அங்கே ஆடியிருக்கிறது.

குளிர்காலத்துக்குப் பல்கலைக்கழக விளையாட்டுப் பிரிவுதான் வழி. பேட்மின்டன், நீச்சல், பாறை ஏற்றம் எல்லாம் மாணவர் கட்டணத்தில் உண்டு. பதிவு திறக்கும் நிமிடத்திலேயே பேட்மின்டன் தீர்ந்துவிடும். தேதியை அலாரத்தில் போட்டு வையுங்கள்.

நான் சைவம். தெருவுல என்ன சாப்பிடுறது?

பொம்மெஸ், அதாவது உருளைக்கிழங்கு வறுவல். கெச்சப்பும் மயோனைஸும் சேர்த்து வேண்டுமானால் இந்த ஊரில் 'பொம்மெஸ் ஷ்ராங்க' என்று கேளுங்கள். ஷ்ராங்க என்றால் ரயில்வே கேட். சிவப்பும் வெள்ளையும் கலந்த கட்டை போல இருக்கிறதாம். இந்த ஒரு சொல்லுக்குக் கடைக்காரர் முகம் மலர்வதைப் பார்க்கலாம். டோனர் கடையில் ஃபலாஃபல் என்னும் கொண்டைக்கடலை வடை கிடைக்கும், காரம் வேண்டுமானால் 'ஷார்ஃப்' என்று சொல்லுங்கள். குளிர்காலச் சந்தைகளில் உருளைக்கிழங்கைத் துருவிச் சுட்ட ரைபகூகன் வரும், ஆப்பிள் கூழோடு தருவார்கள். நம் அடையின் தூரத்து உறவு போலிருக்கும், எனக்கு அதன்மேல் தனி ஆசை.

அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு: கரிவுர்ஸ்ட் என்னும் மசாலா சாஸ் ஊற்றிய சாசேஜ் பெரும்பாலும் பன்றி. மாட்டுக்கறி வேண்டாதவர்கள் டோனரில் கோழி இருக்கிறதா என்று கேளுங்கள். தெருமுனைப் பெட்டிக்கடையான ட்ரிங்க்ஹாலேயில், இங்கே பூடே என்பார்கள், கண்ணாடி டப்பாக்களிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் காகிதப் பையில் போட்டுத் தரும் கலர் மிட்டாய்களில் ஜெலட்டின் இருக்கும், சைவக்காரர்கள் கேட்டு வாங்குங்கள். இந்தக் கடைகள் வந்ததே குடிதண்ணீருக்காக. பத்தொன்பதாம் நூற்றாண்டில் குழாய்த் தண்ணீரை நம்பிக் குடிக்க முடியாத காலத்தில், ஆலை வாசலில் தொழிலாளிகளுக்குச் சோடாத் தண்ணீர் விற்ற கடைகள் அவை.

தண்ணி பாட்டிலுக்கு 25 சென்ட் கூட வாங்கிட்டாங்களே?

ஏமாற்றவில்லை. பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் கேனுக்கும் முன்பணம். சூப்பர் மார்க்கெட் இயந்திரத்தில் திருப்பிப் போட்டால் ரசீது வரும், பில்லில் கழித்துக்கொள்ளலாம். குழாய்த் தண்ணீரே நன்றாகத்தான் இருக்கும், வீட்டிலிருந்து நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள்.

ஹாம் கோயிலுக்கு எப்படி போறது?

முன்பு சொன்ன அதே ஆர்இ1, மறுபக்கம் கடைசி நிறுத்தம். ஹாம் நிலையத்திலிருந்து ஊயன்ட்ராப் பக்கம் பேருந்து. தொழிற்பேட்டைக் கிடங்குகளுக்கு நடுவே திடீரென்று ராஜகோபுரம் தெரியும். ஸ்ரீ காமாட்சி அம்பாள் கோயில், 2002இல் குடமுழுக்கு ஆனது. இலங்கையில் போர் தொடங்கி அகதிகளாக இங்கே வந்த தமிழர்கள் எழுப்பியது. கோடையில் தேர்த்திருவிழா நடக்கும், ஐரோப்பா முழுவதிலுமிருந்து வருவார்கள். தீர்த்தத்துக்குப் பக்கத்துக் கால்வாய்.

அங்கே போகும்போது அவர்கள் பேச்சு உங்கள் பேச்சிலிருந்து வேறாக இருக்கும். "எவ்விடத்திலிருந்து வாறீங்கள் தங்கச்சி?" என்று ஒரு அம்மா என்னைக் கேட்டார். ஊர்ப் பெயரைச் சொன்னேன். ஊரை விட்டு வந்து நாற்பது வருடமாகிவிட்டது என்றார். நாம் படிப்பு முடிந்தால் திரும்பிப் போகலாம் என்ற நினைப்பில் இருப்பவர்கள். அந்த எண்ணமே இல்லாமல் வந்து இறங்கியவர்களின் இடம் அது. செல்ஃபி எடுப்பதற்கு முன் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.

சனிக்கிழமை பார்ட் டைம் வேலை. எனக்கு ஞாயிறு மட்டும்தான்.

பரவாயில்லை, நான் சொன்ன எல்லாமே அரைநாள் இடங்கள்தான், கொலோனைத் தவிர. எஸ்ஸனில் ஃபோல்க்வாங் ஓவிய அருங்காட்சியகத்தின் நிரந்தரத் தொகுப்பைப் பார்க்கக் காசில்லை, ஞாயிறும் திறந்திருக்கும். மழை நாளுக்கு அதுதான். வேலை நாட்களை மட்டும் எண்ணிக்கொள்ளுங்கள்: வருடத்துக்கு 140 முழுநாள் அல்லது 280 அரைநாள்தான் விசா அனுமதி. வாரயிறுதியின் இரண்டு நாளும் வேலைக்கே போனால் உடம்பு டிசம்பரில் கெட்டுவிடும்.

பக்கத்துலதானே நெதர்லாந்து, பெல்ஜியம். இதே டிக்கெட்ல போலாமா?

எல்லையை ஒட்டிய ஓரிரு நிலையங்கள் வரைதான் செல்லும், அதற்கப்பால் தனி டிக்கெட். தேசிய விசாவோ குடியிருப்பு அட்டையோ செல்லுபடியாக இருந்தால் ஷெங்கன் நாடுகளுக்கு 180 நாளில் 90 நாள் வரை போகலாம், பாஸ்போர்ட் அவசியம். சிக்கல் எங்கே என்றால், விசா முடிந்து புது அட்டை வராமல் நடுவில் ஒரு தற்காலிகச் சான்றிதழ் மட்டும் கையில் இருக்கும் மாதங்களில். அந்த நாட்களில் எல்லை தாண்டுவதற்கு முன் வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி எழுத்தில் பதில் வாங்குங்கள். நண்பன் போனான் என்பதெல்லாம் பதிலாகாது.

கடைசி ரயில விட்டுட்டா?

கடைசி ரயிலை நம்பாதீர்கள், அதற்கு முந்தைய ரயிலை நம்புங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் தண்டவாள வேலை நடக்கும், ரயில் ரத்தாகி மாற்றுப் பேருந்து வரும். டிக்கெட் போனில் இருப்பதால் போன் செத்தால் டிக்கெட்டும் செத்த மாதிரி. எனக்கு நடந்தது: நவம்பர் இரவு, நான்கு டிகிரி, ஒரு சின்ன நிலையத்தில் ஒன்றரை மணி நேரம் கையைத் தேய்த்துக்கொண்டு நின்றேன். அன்றிலிருந்து பவர் பேங்க், ஒரு ஜோடிக் காலுறை, டப்பாவில் புளிசாதம் இல்லாமல் கிளம்புவதில்லை.

கூட வர ஆளில்ல அக்கா. தனியா போக கூச்சமா இருக்கு.

அப்படியென்றால் 107ஆம் ட்ராமையே முதலில் எடுங்கள். இறங்க வேண்டிய இடத்தின் பெயரும் ட்ஸோல்ஃபெரைன், தவறவே முடியாது. கோபுரத்துக்கு எதிரே புல்வெளி ஓரத்தில் உட்கார இடம் இருக்கிறது. டப்பாவைத் திறந்து சாப்பிடுங்கள், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அந்த நெய்வேலிப் பையன் இப்போது மாதம் ஒரு சனிக்கிழமை புதிதாக வந்தவர்களை அழைத்துப்போகிறான். காலை பத்து மணிக்கு எஸ்ஸன் நிலைய வாசலில், மஞ்சள் குல்லாயோடு நிற்பான்.